நெட் போனால் யார் வருவார்? வீட்டு இணைப்பை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

வீட்டுக்கு பிராட்பேண்ட் எடுக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது எப்போதும் இரண்டே கேள்விதான். வேகம் எவ்வளவு, காசு எவ்வளவு? இரண்டிலுமே இன்று நிறுவனங்களுக்கிடையே சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. நானூறு, ஐந்நூறு ரூபாயில் திட்டங்கள் ஆரம்பிக்கின்றன; அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் தாராளம். பெரிய நிறுவனங்களின் ஃபைபர் திட்டங்களில் 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தாலும் மாதம் 3,300 ஜிபி அளவில் ஒரு வரம்பு இருக்கும். அதைத் தொடுகிற குடும்பங்கள் மிகக் குறைவு.

நிஜமான வித்தியாசம் நெட் போன அன்றைக்குத்தான் தெரியும். காலை பத்து மணிக்கு ஆபீஸ் மீட்டிங், பிள்ளைக்கு ஆன்லைன் தேர்வு, மோடத்தில் சிவப்பு விளக்கு. கஸ்டமர் கேருக்கு அடித்தால் தமிழுக்கு ஒன்று, பில்லிங்குக்கு இரண்டு, தொழில்நுட்ப உதவிக்கு மூன்று என்று பதிவுக் குரல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நாளில் உங்களை யார் எவ்வளவு சீக்கிரம் காப்பாற்றுவார் என்பதை வைத்துத்தான் இணைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கட்டுரையில் தமிழ்நாட்டில் நமக்குக் கிடைக்கிற வழிகளை அந்த ஒரு அளவுகோலில் மட்டும் ஒப்பிடுகிறேன். போனை எடுப்பவருக்கும் கம்பத்தில் ஏறி ஃபைபரை ஒட்டுபவருக்கும் நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் அந்த அளவுகோல்.

முதலில், என்னென்ன பழுதாகும்?

இது தெரியாமல் ஒப்பிட முடியாது. ஒவ்வொரு வகைப் பழுதையும் சரிசெய்யும் ஆள் வேறு.

அதிகம் வருவது தெருவில் நடக்கும் பழுது. மாநகராட்சி மழைநீர் வடிகாலுக்குத் தோண்டும்போது கேபிள் அறுபடும். உயரமாகச் சரக்கு ஏற்றிய லாரி, ஈபி கம்பத்துக்கும் மரத்துக்கும் நடுவே தொங்கும் வயரை இழுத்துக்கொண்டு போகும். அணில் கடிக்கும். மோடத்தில் 'லாஸ்' என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். அதை வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு யாராலும் சரிசெய்ய முடியாது. அறுந்த ஃபைபர் இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு ஓர் ஆள் நேரில் வந்தாக வேண்டும்.

இரண்டாவது வகை, நிறுவனத்தின் பக்கம் நடப்பது. லைன் நன்றாக இருக்கும், பச்சை விளக்கு எரியும், ஆனால் இரவு எட்டு மணியிலிருந்து பதினொரு மணிவரை வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். வாங்கி வைத்திருக்கும் கொள்ளளவைவிட அதிகம் பேருக்கு இணைப்பு கொடுத்திருப்பார்கள். வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணையும் விபிஎன் மட்டும் விட்டு விட்டு அறுந்தால், அதுவும் பல நேரம் இந்த வகைதான். கம்பத்தில் ஏறுபவரால் இதைத் தொடவே முடியாது. நெட்வொர்க் பார்க்கும் பொறியாளர் வேண்டும்.

மூன்றாவது, வீட்டுக்குள் இருக்கும் வைஃபை. சுவருக்கு அப்பால் படுக்கையறையில் சிக்னல் இல்லாதது, பக்கத்து வீட்டு ரூட்டர்களோடு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடிபடுவது. உதவி மையங்கள் எல்லாப் பழுதையும் முதலில் இந்தக் கூடையில் போடத்தான் பார்க்கும். 'ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்' என்பது அங்கிருந்து வருவதுதான்.

பெரிய தனியார் நிறுவனங்களின் ஃபைபர்

ஜியோஃபைபர் 2019 செப்டம்பரில் வந்தது. ஏர்டெல் அதற்கு முன்பிருந்தே இருக்கிறது. சென்னை போன்ற நகரங்களில் ஏசிடி உண்டு. இவர்களின் பலம் இரண்டாவது வகைப் பழுதில் தெரியும். பெரிய முதுகெலும்பு நெட்வொர்க், கூகுள், நெட்ஃபிளிக்ஸ் போன்றவர்களோடு நேரடி இணைப்பு, போதுமான கொள்ளளவு. இரவு நேரத்திலும் வேகம் பெரிதாக விழாது.

பலவீனம் தெருப் பழுதில். போனை எடுப்பவர் எங்கோ ஒரு கால் சென்டரில் இருக்கிறார். முன்னால் இருக்கும் திரையில் வருகிற கேள்விகளை வரிசையாகக் கேட்பது அவர் வேலை. அதை மீறி எதுவும் செய்ய அவருக்கு அதிகாரம் கிடையாது. அவர் பதியும் டிக்கெட் உங்கள் பகுதிக்கான ஒப்பந்ததாரரிடம் போகிறது. அந்த ஒப்பந்ததாரரிடம் வேலை பார்க்கும் இளைஞர்தான் உங்கள் வீட்டுக்கு வருகிறார். அந்த நிறுவனத்தின் சட்டையைப் போட்டிருந்தாலும் பல நேரம் அவர் அந்த நிறுவனத்தின் ஊழியர் இல்லை.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். லாஸ் விளக்கு சிவப்பு. புகார் பதிந்தாயிற்று. மறுநாள் செயலியில் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று செய்தி. விளக்கு அப்படியே சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. திரும்ப அழைத்தால் பழைய டிக்கெட் முடிந்துவிட்டதால் புதிதாகத்தான் பதிய முடியும் என்றார்கள். புதிதாகப் பதிந்தால் கெடு முதலிலிருந்து எண்ணப்படும். நிறுவனத்தின் கணக்கில் இரண்டு புகாரும் நேரத்துக்குள் முடிந்தவை. என் கணக்கில் வீடு முழுக்க நெட் இல்லாத ஒரே நீண்ட பழுது. அப்புறம் ஒருவர் வந்தார். வாசலில் நின்றபடியே, 'சார், முதல்ல ஓடிபி சொல்லுங்க, டைம் முடியப்போகுது' என்றார். ஓடிபி சொன்னால் டிக்கெட் மூடப்படும் என்பது இருவருக்கும் தெரியும். வேலை முடியட்டும், சொல்கிறேன் என்றேன். மோடத்தைப் பார்த்தார், வயரைத் தொட்டுப் பார்த்தார், தெருமுனையில் வடிகால் தோண்டிய இடத்தில் மெயின் கேபிள் போயிருக்கிறது என்று கண்டுபிடித்தார். ஆனால் அவர் வீட்டுப் பகுதிக்கான ஆள். மெயின் கேபிளுக்கு வேறு ஒப்பந்ததாரர், வேறு குழு. அந்தக் குழுவுக்குத் தகவல் அனுப்ப அவரிடம் வழி இல்லை. கால் சென்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் அந்த அமைப்பின்மேல். பழுதைச் சரிசெய்வதைவிட டிக்கெட்டை மூடுவதற்கு அங்கே மதிப்பு அதிகம். மூடிய டிக்கெட்டுக்குத்தான் அவருக்குக் கூலி. உழைக்கிற ஒருவரையும் காசு கட்டிய ஒருவரையும் வாசலில் எதிரெதிரே நிற்க வைத்துவிட்டு, முடிவெடுக்கும் ஆட்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது அநியாயம்.

இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடிபி உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி. பச்சை விளக்கு வந்து, போனில் ஒரு பக்கம் திறந்து பார்த்த பிறகே கொடுங்கள்.

உள்ளூர் கேபிள்காரரின் இணைப்பு

கேபிள் டிவி நடத்தும் அண்ணன்தான் பல ஊர்களில் நெட்டும் கொடுக்கிறார். இணையச் சேவைக்கான உரிமங்களில் ஏ, பி, சி என மூன்று வகை உண்டு. ஏ என்பது நாடு முழுவதற்கும், பி ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கு, சி அதைவிடச் சிறிய பகுதிக்கு. கேபிள்காரர் பெரும்பாலும் இப்படி உரிமம் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் கீழ் கிளை எடுத்து நடத்துபவராக இருப்பார்.

தெருப் பழுதில் இவரை யாரும் அடிக்க முடியாது. கால் சென்டர் கிடையாது, வாட்ஸ்அப் உண்டு. லைன்மேனின் நம்பரே உங்களிடம் இருக்கும். நான் பக்கத்தில் நின்று பார்த்த ஒரு பழுதைச் சொல்கிறேன். லைன்மேன் முதலில் மோடத்திலிருந்து வயரைக் கழற்றி, உள்ளங்கையில் அடங்கும் பவர் மீட்டரில் செருகினார். மைனஸ் 31 டிபிஎம் காட்டியது. டிபிஎம் என்பது ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு; மைனஸ் எண் கூடக் கூட ஒளி மங்கல். சாதாரண மோடம் மைனஸ் 27 வரைதான் தாங்கும். உடனே ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும், தெருக் கம்பத்தில் இருக்கும் ஸ்ப்ளிட்டர் பெட்டிக்குப் போய் அளந்தார். அங்கே மைனஸ் 19, நல்ல அளவு. அப்படியானால் பழுது பெட்டிக்கும் வீட்டுக்கும் நடுவில். வயரைக் கையால் தடவிக்கொண்டே வந்தவர், கேட்டின் கீலில் அது நசுங்கியிருந்த இடத்தைக் கண்டுபிடித்தார். அந்தத் துண்டை வெட்டி எறிந்தார். மேலுறையை உரித்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் இழையைத் துடைத்து, கிளீவரில் நேராக வெட்டி, மெஷினில் வைத்து மூடினார். திரையில் முடியளவு இழைகள் இரண்டும் நெருங்கி ஒன்றாகின. மேலே ஒரு பாதுகாப்புக் குழாயை மாட்டிச் சூடேற்றினார். வயரை இந்த முறை கீலில் படாமல் சுவரோரமாக ஆணியடித்துவிட்டுத்தான் கிளம்பினார். டிக்கெட் இல்லை, ஓடிபி இல்லை. பழுது திரும்ப வந்தால் அவரேதான் வர வேண்டும், அதனால் அவர் வேலை ஒழுங்காக இருக்கிறது.

இவரது பலவீனம் இரண்டாவது வகைப் பழுதில். இரவில் வேகம் விழுந்தால் லைன்மேன் என்ன செய்வார்? 'மேலேயே ஸ்லோ சார்' என்பார். அது உண்மையும்கூட. மேலிருந்து கொள்ளளவு வாங்கக் காசு வேண்டும். அது முதலாளியின் முடிவு. ஆபீஸ் விபிஎன் அறுகிறது என்று சொன்னால், 'யூடியூப் ஓடுதா? அப்போ நெட் நல்லாத்தான் இருக்கு' என்ற பதில் வரும். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஇ இணைப்புகளில் ஒரு தரவுப் பொட்டலத்தின் அளவு வழக்கமான 1500 பைட்டுக்குப் பதில் 1492 தான் இருக்க முடியும். சில விபிஎன் மென்பொருள்கள் இதில் தடுமாறும். ரூட்டரில் இந்தப் பொட்டல அளவைக் குறிக்கும் எம்டியு மதிப்பைக் குறைத்தால் பல நேரம் சரியாகிவிடும். ஆனால் இதைப் புரிந்துகொண்டு பேச அங்கே ஆள் கிடைப்பது அரிது. நீங்களேதான் தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

இன்னொன்று மின்சாரம். தெருவில் கரண்ட் போனால், உங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் மோடம் ஓடினாலும், கேபிள்காரரின் அறையிலிருந்து வீடுகளுக்கு ஒளியை அனுப்பும் ஓஎல்டி பெட்டிக்கு பேட்டரி இருக்கிறதா? எத்தனை மணி நேரம் தாங்கும்? இணைப்பு எடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். கூடவே இரண்டு கேள்வி கேளுங்கள். ஸ்ப்ளைசிங் மெஷின் சொந்தமாக இருக்கிறதா, வாடகைக்கு வாங்குவதா? மேலிருந்து வரும் இணைப்பு ஒன்றா, வெவ்வேறு வழியில் இரண்டா? ஒழுங்காகத் தொழில் செய்பவர் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

பில் கண்டிப்பாகக் கேளுங்கள். உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் அதில் இருக்க வேண்டும். ஜிபேயில் முந்நூற்றைம்பது அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தால், நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் நீங்கள் யாருடைய வாடிக்கையாளர் என்பதை நிரூபிக்கவே வழி இருக்காது.

பிஎஸ்என்எல்

பலருக்கு பிஎஸ்என்எல் என்றால் பழைய லேண்ட்லைன் ஞாபகம். 198க்கு அடித்து லைன் ஊமையாகிவிட்டது என்று சொல்லி, லைன்மேன் சைக்கிளில் வருவார் என்று காத்திருந்த காலம் போய்விட்டது. 2020 ஜனவரி இறுதியில் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஒரே நாளில் வெளியேறினார்கள். ஏறத்தாழ பாதி நிறுவனம். களத்தில் வேலை தெரிந்தவர்கள் பலர் அவர்களோடு போனார்கள். இன்று பிஎஸ்என்எல் ஃபைபர் பெரும்பாலான இடங்களில் கூட்டாளிகள் வழியாகத்தான் வருகிறது. வருமானத்தில் பங்கு பெறும் அந்தக் கூட்டாளி யார் என்று பார்த்தால், பல ஊர்களில் அதே கேபிள்காரர்!

எனவே பிஎஸ்என்எல் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே இப்போது அர்த்தம் இல்லை. உங்கள் பகுதிக் கூட்டாளி நல்லவரா என்பதுதான் கேள்வி. ஆள் நல்லவர் என்றால் தெருப் பழுதுக்கு உள்ளூர் லைன்மேன், மேலே பிஎஸ்என்எல்லின் பெரிய நெட்வொர்க், முறையான அரசு பில் என மூன்றும் ஒரே இணைப்பில் கிடைக்கும். ஆள் சரியில்லை என்றால் கூட்டாளி 'எக்ஸ்சேஞ்ச்ல பிரச்சினை' என்பார், எக்ஸ்சேஞ்சில் 'கூட்டாளியைக் கேளுங்க' என்பார்கள், நீங்கள் நடுவில் அல்லாட வேண்டியதுதான். ஒரு வசதி மட்டும் இங்கே உண்டு. வாடிக்கையாளர் சேவை மையம் என்று ஒரு கட்டிடம் இருக்கிறது. எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கலாம். மேலே யார் அதிகாரி என்று கேட்டால் பதில் கிடைக்கும். போனில் பேசத் தயங்கும் வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஏர்ஃபைபர்

2023 ஆகஸ்டில் ஏர்டெல்லும் செப்டம்பரில் ஜியோவும் தொடங்கியவை. மொட்டைமாடியில் ஒரு பெட்டியைப் பொருத்தி, டவரிலிருந்து சிக்னலை எடுத்து வீட்டுக்குள் கொடுப்பார்கள். தெருவில் வயரே இல்லை என்பதால் முதல் வகைப் பழுது கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, அடிக்கடி மாறுகிறவர்களுக்கு, ஃபைபர் எட்டாத புறநகர் லேஅவுட்டுகளுக்கு நல்ல வழி.

பழுதானால் என்ன ஆகும் என்ற கோணத்தில் பார்த்தால் எனக்குத் தயக்கம் இருக்கிறது. டவரில் கூட்டம் அதிகமானால் வேகம் விழும். அதை வீட்டுக்கு வரும் ஆளால் சரிசெய்ய முடியாது. பெட்டியைக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டுப் போவார். எதிரே நாலு மாடிக் கட்டிடம் எழும்பினால் சிக்னலின் கதை மாறிவிடும். மாத வரம்பும் ஃபைபரைப் போல மூவாயிரத்துச் சொச்சம் இல்லை. 1,000 ஜிபி அளவில்தான். மாறாத ஐபி முகவரியோ (இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) நமக்கென்று தனியாக ஒரு ஐபியோ தேவைப்படும் வேலைகளுக்கு, வீட்டில் கேமரா வைத்து வெளியிலிருந்து பார்ப்பதுபோல, இது ஒத்துவராமல் போகலாம்.

இரண்டு இணைப்பு

வீட்டிலிருந்து வேலை பார்த்துச் சம்பளம் வாங்குபவர் என்றால் ஒரே இணைப்பை நம்பி இருக்கக் கூடாது. இரண்டாவது இணைப்பு என்றதும் இன்னொரு ஃபைபர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு ஃபைபரும் ஒரே ஈபி கம்பத்தில் தொங்கினால் ஒரே லாரி இரண்டையும் இழுத்துக்கொண்டு போகும். முதலாவது தரை வழி என்றால் இரண்டாவது காற்று வழியாக இருக்கட்டும். உங்கள் போனில் இருக்கும் நிறுவனத்தின் சிம் தவிர, வேறொரு நிறுவனத்தின் சிம்மில் டேட்டா வைத்துக்கொண்டால் போதும். ஹாட்ஸ்பாட் போட்டு அன்றைய மீட்டிங்கை ஓட்டிவிடலாம்.

ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் நின்று, கரண்ட்டும் இல்லாமல், போன் சிக்னலும் போயிற்று. டவருக்கும் மின்சாரம் வேண்டும். அப்படிப்பட்ட நாளுக்கு எந்த இணைப்பும் காப்பு இல்லை. மற்ற நாட்களுக்கு இந்த இரண்டாவது சிம் போதும்.

புகார் சொல்லும்போது

எந்த இணைப்பாக இருந்தாலும், முதல் அழைப்பிலேயே ஆள் அனுப்ப வைக்க ஒரு வழி உண்டு. அவர்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு நீங்களே முன்கூட்டிப் பதில் சொல்லிவிட வேண்டும். 'மோடத்துக்கு பவர் வருகிறது, லாஸ் விளக்கு சிவப்பு, ஒரு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று, வயர் செருகியபடியே இருக்கிறது, ஃபைபர் ஆள் வேண்டும்' என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். வேகம் குறைவு என்ற புகாரென்றால் வைஃபையில் பார்த்த அளவைச் சொல்லாதீர்கள். லேன் வயரில் லேப்டாப்பை நேராக ரூட்டரில் செருகி, மாலையிலும் அதிகாலையிலும் அளந்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலையில் முழு வேகம், இரவில் கால் வேகம் என்றால் பழுது உங்கள் வீட்டில் இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

புகார் எண் இல்லாமல் போனை வைக்காதீர்கள். இது வேண்டுகோள் இல்லை, உங்கள் உரிமை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012 ஜனவரியில் கொண்டுவந்த குறைதீர்ப்பு விதிகளின்படி, ஒவ்வொரு புகாருக்கும் தனி எண் தரவேண்டும். தீர்வு வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் முறையிடலாம். கட்டணம் கிடையாது. 39 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். இப்படி ஓர் அதிகாரி இருப்பதையே கால் சென்டரில் யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் அடியில் எங்காவது மின்னஞ்சல் முகவரி இருக்கும்.

பலர் நேராக டிராய்க்கு எழுதுகிறார்கள். டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. மத்திய தொலைத்தொடர்புத் துறைக்குப் போக வேண்டும் என்றால் அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸில் பதியலாம். என் வீட்டுப் பழுதில் விளக்கு கடைசியில் பச்சையானது இந்த வழியில் பதிந்த பிறகுதான். அதுவரை வந்த எல்லா அழைப்புகளும் கால் சென்டரிலிருந்து வந்தவை. அதற்குப் பிறகு வந்த அழைப்பில் பேசியவர், 'எந்தத் தெருமுனை, எந்தப் பக்கம் தோண்டியிருக்கிறார்கள்' என்று கேட்டார். ஒரு பழுதைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியை முதல் முறையாக ஒருவர் கேட்டார்.

நுகர்வோர் உதவி எண் 1915 உண்டு. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்புப் புகார்களை அங்கே ஏற்க முடியாது என்று நிறுவனங்கள் நெடுங்காலம் வாதாடி வந்தன. 2009ல் வந்த ஒரு தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாகவும் இருந்தது. 2022 பிப்ரவரியில், வோடஃபோன் ஐடியா தொடர்ந்த வழக்கில், நுகர்வோர் ஆணையங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை, இணையவழியிலேயே தாக்கல் செய்யலாம். புகார் எண்கள், பொய்யாக மூடப்பட்ட டிக்கெட் செய்திகள், சிவப்பு விளக்கின் படம் எல்லாம் அப்போதுதான் பயன்படும். எடுத்து வைத்திருந்தால்.

சரி, எதை எடுப்பது?

தனி வீடு, ஊரில் நல்ல பெயர் எடுத்த கேபிள்காரர் இருக்கிறார் என்றால் அவரிடம்தான் எடுப்பேன். கூடவே வேறு நிறுவனத்தின் ஒரு சிம். வேகம் நூறில் பத்து குறைந்தாலும் பரவாயில்லை, அன்றைக்கே வந்து ஒட்டிக்கொடுக்கும் ஆள் எனக்கு முக்கியம். இரவு வேகம் எப்படி என்று அதே தெருவில் நாலு வீட்டில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

கேபிள்காரர் சரியில்லை, அல்லது உங்கள் வேலை பெரிய கோப்புகளை ஏற்றி இறக்குவது, இரவு நேரத்தில் வெளிநாட்டோடு விபிஎன்னில் உட்கார்வது என்றால் பெரிய நிறுவனத்தின் ஃபைபர். அந்த நிலையில் காற்றுவழிக் காப்பு இன்னும் அவசியம், ஏனெனில் கேபிள் அறுந்தால் காத்திருக்க வேண்டியிருக்கும். ஊரில் அம்மா அப்பாவுக்கு என்றால் பிஎஸ்என்எல் கூட்டாளி யார் என்று விசாரியுங்கள். ஆள் தெரிந்தவர் என்றால் தயங்காமல் எடுக்கலாம். ஆறு மாதத்தில் மாறப்போகும் வாடகை வீட்டுக்கு ஏர்ஃபைபர்.

எதை எடுத்தாலும் வருடச் சந்தாவை முதல் நாளே கட்டாதீர்கள். 'பன்னிரண்டு மாதம் கட்டினால் இரண்டு மாதம் இலவசம்' என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் போன் எண்ணை நிறுவனம் மாற்றிக்கொள்வதுபோல பிராட்பேண்டை மாற்றிக்கொள்ள நமக்கு வசதி இல்லை. மாறுவதென்றால் புதிதாக வயர், புதிதாக மோடம், மிச்சப் பணத்துக்கு அலைச்சல். ஒரு மழைக்காலம் முடியும்வரை மாதாமாதம் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எத்தனை முறை லைன் போகிறது, ஒவ்வொரு முறையும் ஆள் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் வருடச் சந்தாவை யோசிக்கலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இந்தத் தேர்வே பல நேரம் கையில் இருப்பதில்லை. அசோசியேஷன் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, மற்றவர்கள் வயர் இழுக்க அனுமதி கொடுக்காது. அங்கே தனித்தனியாகக் கஸ்டமர் கேருக்கு அடித்துப் பயனில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும் கூட்டத்துக்குப் போங்கள். பொறுப்பான ஒரு பொறியாளரின் நேரடி எண், கீழ்த்தளத்தில் இருக்கும் பெட்டிக்கு பேட்டரி, இத்தனை மணி நேரத்தில் சரிசெய்யாவிட்டால் அந்த மாத நெட் கட்டணத்தில் கழிவு என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். முடிந்தால் இரண்டாவது நிறுவனத்துக்கும் வயர் இழுக்க அனுமதி வாங்குங்கள். நூறு வீடு ஒன்றாகக் கேட்டால் கால் சென்டரைத் தாண்டி ஒரு மேலாளர் நேரில் வந்து உட்காருவார்.